ஜுரம் குறுக்கே வந்தால்?

பூனை குறுக்கே போனால் நாம் நின்றுவிடுகிறோம். விறகுச் சுமை எதிரே வந்தால், திண்ணையில் சற்று உட்கார்ந்து, ஒரு வாய் ஜலம் அருந்திவிட்டுப் புறப்படுகிறோம். புறப்படும் நாள் நல்ல நாளாக இல்லையென்றால், இரண்டு நாள் முன்னதாகவே மூட்டையைப் பக்கத்து வீட்டில் கொண்டு வைத்துப் பரஸ்தானம் செய்துவிடுகிறோம். ராகு காலத்தில் துணிந்து வாசற்படியைத் தாண்டுகிறவர்கள் நம்மில் வெகு சிலரே. ஆனால், ஆகாய விமானம் ஏற வேண்டிய தினத்துக்கு முதல் நாள் இரவு 102 டிகிரி ஜுரம் வந்து குறுக்கே நின்றால் மாத்திரம் நாம் நிற்பதில்லை! ஒரு மாத்திரையை விழுங்கி, ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு, "டிக்கட் வாங்கியாகிவிட்டதே!" என்று கிளம்பிவிடுகிறோம்.

இதை மன உறுதி என்று சொல்லிக்கொள்வது வழக்கம். உண்மையில் அது மன உறுதியன்று; டிக்கட்டின் விலைதான். ரயில் பிரயாணத்தை ரத்துச் செய்தால் நஷ்டம் சில நூறு ரூபாயோடு போகும். விமானத்துக்குக் கொடுத்ததோ பல ஆயிரம். கடல் கடந்து போவதானால் லட்சத்தைக்கூடத் தொடும். அவ்வளவு பணத்தையும் ஜுரத்துக்குத் தண்டம் அழுவதா என்று மனசு கேட்கிறது. பணம் மட்டுமா? அமெரிக்காவில் பெண்ணுக்குப் பிரசவ நாள் நெருங்கிவிட்டது. துபாயில் வேலை பார்க்கும் பிள்ளைக்கு லீவு நாளையோடு முடிகிறது. சிங்கப்பூரில் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். வியாதி என்ன, முகூர்த்தம் பார்த்தா வருகிறது?

ஆகவே, பிரயாணத்துக்கு முன்னால் நோய் வந்தால் என்ன செய்வது என்பதை, நோயில்லாத நாளிலேயே யோசித்து வைத்துக்கொள்வது உத்தமம். நாம் சொல்லப் போவதன் சாரம் ஒன்றுதான்: போகலாமா, கூடாதா என்ற தீர்ப்பை டிக்கட்டின் விலையிடம் விடக் கூடாது. ஆகாயத்தில் தேகத்துக்கு என்ன நேருகிறது என்பதைத் தெரிந்துகொண்டு, வைத்தியரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

அரை மணியில் ஊட்டி

விமானத்துக்குள் இருக்கும் காற்றும் தரையில் இருக்கும் காற்றும் ஒன்றுதான் என்று பலர் எண்ணியிருக்கிறார்கள். அப்படியன்று. விமானம் 35,000 அடி உயரத்தில் பறக்கும்போது, வெளியேயுள்ள காற்று மனிதன் சுவாசிக்கப் போதாது. ஆகையால் இயந்திரங்களைக் கொண்டு காற்றை அழுத்தி உள்ளே நிரப்புகிறார்கள். ஆயினும் தரையில் உள்ள அளவுக்கு அழுத்துவதில்லை. அப்படிச் செய்வதானால் அதைத் தாங்குவதற்கு விமானத்தின் உடலை இன்னும் கனமாகச் செய்ய வேண்டியிருக்கும். சாதாரணமாக 6,000 அடியிலிருந்து 8,000 அடி வரை உயரமுள்ள ஒரு மலையில் காற்று எவ்வளவு இலேசாயிருக்குமோ, அவ்வளவு இலேசாகவே உள்ளே வைத்திருக்கிறார்கள்.

நமது உதகமண்டலத்தின் உயரம் சுமார் 7,300 அடி. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் அங்கே போய்ச் சேர ஏறக்குறைய ஐந்து மணி நேரமாகிறது. மீனம்பாக்கத்தில் விமானம் ஏறுகிறவரோ, அரை மணிக்குள் ஊட்டிக் காற்றைச் சுவாசிக்கத் தொடங்கிவிடுகிறார். ஆரோக்கியமுள்ளவருக்கு இது தெரியவே தெரியாது. ரத்தத்தில் உள்ள பிராண வாயு சிறிது குறையும், தேகம் சமாளித்துக்கொள்ளும். ஆனால் நிமோனியாவினால் நுரையீரல் கெட்டிருப்பவருக்கும், ஆஸ்துமாவினால் மூச்சுத் திணறுகிறவருக்கும், சமீபத்தில் மாரடைப்பு வந்து எழுந்தவருக்கும், ரத்தம் மிகவும் குறைந்திருப்பவருக்கும் அந்தச் சிறு குறைவே பெருங்குறைவாகிவிடும்.

இவர்களுக்காக வைத்தியர்கள் ஓர் எளிய சோதனை சொல்லுகிறார்கள். சமதரையில் சாதாரண நடையில் 50 மீட்டர் நடந்தோ, ஒரு மாடிப்படி ஏறியோ பார்க்க வேண்டும். அதற்கே மூச்சு மிகவும் திணறுமானால் விமானப் பிரயாணத்தைப் பற்றி வைத்தியரைக் கேட்காமல் அடி எடுத்து வைக்கக் கூடாது.

காற்று இலேசாவதோடு இன்னொரு சங்கதியும் இருக்கிறது. தேகத்துக்குள் அடைபட்ட காற்று உயரே போனதும் விரிகிறது. தரையில் 100 பங்கு இடம் அடைத்துக்கொண்டிருந்த காற்றுக்கு, மேலே சுமார் 130 பங்கு இடம் தேவைப்படுகிறது. வயிற்றில் சில நாட்களுக்கு முன் சத்திர சிகிச்சை செய்துகொண்டவருக்குக் குடலில் உள்ள காற்று விரிந்து தையலை வருத்தக் கூடும். விழித்திரைச் சிகிச்சைக்காகக் கண்ணுக்குள் வாயுக் குமிழி செலுத்தப்பட்டவர், அது முற்றும் கரையும் வரையில் விமானத்தின் பக்கமே போகலாகாது, பார்வையே போய்விடும். எலும்பு முறிந்து முழு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டவரை, முதல் 48 மணி நேரத்துக்குள் நீண்ட தூரம் பறக்க விமானக் கம்பெனிகள் அனுமதிப்பதில்லை. கட்டுக்குள் கால் வீங்கி ரத்த ஓட்டம் தடைப்படும் என்பதே காரணம்.

மூன்று மூக்குகளுக்காகக் காத்திருந்த ராக்கெட்

"இவையெல்லாம் பெரிய வியாதிகள், எனக்கு வெறும் ஜலதோஷந்தானே?" என்று கேட்கலாம். வெறும் ஜலதோஷத்தின் பெருமையைக் காதைக் கேட்டால் தெரியும்.

விமானம் ஏறும்போது நடுச்செவியில் உள்ள காற்று விரிந்து, மூக்கின் பின்புறத்துக்குச் செல்லும் சிறு குழல் வழியாகச் சுலபமாக வெளியேறிவிடுகிறது. இறங்கும்போது அதே குழல் வழியாகக் காற்று உள்ளே திரும்ப வேண்டும். ஜலதோஷத்தினால் குழல் வீங்கி அடைத்திருந்தால் திரும்ப வழியேது? செவிப்பறை உட்புறமாக இழுக்கப்படுகிறது. வலி பிராணனை வாங்கிவிடும். சில சமயங்களில் செவிப்பறை கிழிந்தும் போகும். இறங்கும் சமயத்தில் விமானத்தில் கைக்குழந்தைகள் வீறிட்டு அழுவதற்கு இதுவே முக்கியமான காரணம்.

1968-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் அப்பல்லோ-7 என்னும் விண்கலத்தில் மூன்று அமெரிக்கர்கள் பூமியைச் சுற்றிவந்தார்கள். புறப்பட்ட மறுநாளே தலைவர் வாலி ஷிராவுக்கு ஜலதோஷம் பிடித்துக்கொண்டது. பதினோரு நாள் கழித்துப் பூமிக்குத் திரும்பும்போது, தலைக்கவசத்தை அணிந்துகொள்ளும்படி கீழேயிருந்து வற்புறுத்தினார்கள். அவர் மறுத்துவிட்டார். தலைக்கவசம் இருந்தால் மூக்கைப் பிடித்துக் காதுக்குள் காற்றை ஊத முடியாது. செவிப்பறை கிழிந்துவிடுமே என்பதுதான் அவருடைய கவலை! எத்தனையோ கோடி டாலர் செலவில் ஆகாயத்துக்குப் போனவரையும் மூக்கடைப்பு விடவில்லை.

இந்த அனுபவம் வீண்போகவில்லை. அடுத்த வருஷம் பிப்ரவரி 28-ஆம் தேதி புறப்பட வேண்டிய அப்பல்லோ-9-இன் பிரயாணிகள் மூவருக்கும் ஜலதோஷம் கண்டது. "மருந்து சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள்" என்று யாரும் சொல்லவில்லை. ஒரு பெரிய ராக்கெட்டும், அதற்காக உழைத்த ஆயிரக்கணக்கான மனிதர்களும் மூன்று மூக்குகளுக்காக மூன்று நாள் காத்திருந்தார்கள். மார்ச் 3-ஆம் தேதிதான் ராக்கெட் கிளம்பிற்று. நமது டிக்கட்டை மாற்றுவதற்கு ஆகும் செலவை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தால் மனசுக்குச் சிறிது ஆறுதல் உண்டாகும்.

மாத்திரையின் மாயம்

ஜுரத்தோடு புறப்படுகிறவர்களின் பெரிய பலம் பாராசிட்டமால் மாத்திரை. விழுங்கிய ஒரு மணி நேரத்தில் உஷ்ணம் இறங்குகிறது. விமான நிலையத்தில் சோதிப்பவர்களின் கண்ணுக்கும் தப்பிவிடலாம். ஆனால் மாத்திரை ஜுரத்தை மறைக்கிறதேயன்றி நோயைப் போக்குவதில்லை. அதன் சக்தி நாலு முதல் ஆறு மணி நேரம் வரையில்தான். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குப் பிரயாணமும் ஏறக்குறைய நாலு மணி நேரம். ஆக, மாத்திரை கைவிடும் சமயமும், அந்நிய தேசத்தில் அதிகாரிகள் முன் நிற்கும் சமயமும் ஒன்றாக வந்து வாய்க்கும்!

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. மழைக் காலத்தில் நமது பக்கத்தில் பரவும் டெங்கு ஜுரத்தில், உஷ்ணம் குறைவது எப்போதும் நல்ல குறியன்று. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் ஜுரம் இறங்கும் சமயமே அபாயமான சமயம். கடுமையான வயிற்று வலி, ஓயாத வாந்தி, பல் ஈறில் அல்லது மூக்கில் ரத்தம், அசாதாரணமான சோர்வு ஆகியவை தோன்றினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். "நேற்றோடு ஜுரம் விட்டுவிட்டது, இன்று கிளம்பலாம்" என்று புறப்பட்டவர், நடுக்கடலுக்கு மேலே 35,000 அடியில் இந்த நிலையை அடைந்தால் யார் என்ன செய்ய முடியும்? ஆகவே காரணம் தெரியாத ஜுரத்துக்கு முதலில் ரத்தப் பரிசோதனை, பிறகுதான் பிரயாணம். டெங்குவோ என்ற சந்தேகம் இருக்கும் வரையில் ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் முதலிய மாத்திரைகளைத் தொடவே கூடாது. அவை ரத்தப் போக்கை அதிகப்படுத்தும்.

பக்கத்து ஆசனத்தில் இருப்பவர்

இதுவரை நமது தேகத்தைப் பற்றிச் சொன்னோம். பக்கத்து ஆசனத்தில் உட்காரப் போகிறவருக்கும் ஒரு தேகம் உண்டு அல்லவா?

1977-ஆம் வருஷம் அமெரிக்காவின் அலாஸ்காப் பிரதேசத்தில், இயந்திரக் கோளாறினால் ஒரு விமானம் பல மணி நேரம் தரையிலேயே நின்றது. உள்ளே ஐம்பதுக்குச் சற்று அதிகமான பேர். காற்றோட்ட இயந்திரம் ஓடவில்லை. அவர்களில் ஒருவருக்கு இன்புளுயன்ஸா ஜுரம். மூன்று நாட்களுக்குள் பிரயாணிகளில் நூற்றுக்கு 72 பேர் படுத்துவிட்டார்கள்! 2003-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் ஸார்ஸ் நோய் கண்ட ஒருவர் ஹாங்காங்கிலிருந்து பீகிங்குக்கு மூன்று மணி நேரம் பறந்தார். அவரிடமிருந்து 22 பேருக்கு அந்நோய் தொற்றியதாக விஞ்ஞானிகள் பின்னர் கணக்கிட்டார்கள்.

இன்றைய பெரிய விமானங்களில் காற்றை நுண்ணிய வடிகட்டிகளால் சுத்தம் செய்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் முன்வரிசையில் இருப்பவரின் பிடரியில் நாம் தும்முவதை எந்த வடிகட்டி தடுக்கும்? அந்த முன்வரிசையில் இருப்பவர் கர்ப்பிணியாக இருக்கலாம். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவராக இருக்கலாம். தட்டம்மைத் தடுப்பூசி போடும் ஒன்பது மாத வயதை இன்னும் எட்டாத சிசுவாகவும் இருக்கலாம். ஆகையால் சின்னம்மை கண்டவர் கடைசிக் கொப்புளமும் காய்ந்து பொருக்காகும் வரையிலும், தட்டம்மை கண்டவர் தடிப்புத் தோன்றியதிலிருந்து நாலு நாள் கழியும் வரையிலும் விமானம் ஏறக் கூடாது. வாந்தியும் பேதியும் கண்டவர், அவை நின்று இரண்டு நாளாவது பொறுப்பது நல்லது. உஷ்ணமானியில் 100.4 டிகிரிக்கு மேல் காட்டினால், காரணம் தெரியும் வரையில் வீட்டில் இருப்பதே தர்மம்.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, உடம்பு சரியில்லை என்று தெரிந்த அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும். விமான நிலையத்துக்குப் போகும் வழியில் அன்று. "ஜுரம்" என்று மட்டும் சொல்லாமல், எந்த ஊருக்கு, எத்தனை மணி நேரப் பிரயாணம், நடுவில் எங்கே இறங்கி ஏற வேண்டும், துணை உண்டா, தனியாகவா என்பதையும் சொல்ல வேண்டும். "பறக்கலாமா? எப்போது பறக்கலாம்? எந்த அறிகுறி கண்டால் திரும்பிவிட வேண்டும்?" என்ற மூன்று கேள்விகளையும் கேட்டு, பதிலைத் தேதி போட்ட சான்றிதழாக வாங்கிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, போவதில்லை என்று தீர்மானித்தால் விமானம் புறப்படுவதற்கு முன்பே கம்பெனிக்கு அறிவிக்க வேண்டும். பேசாமல் வீட்டில் படுத்துவிடுவதுதான் எல்லாவற்றிலும் அதிக நஷ்டம். போகும் பிரயாணத்துக்கு வராதவரின் திரும்பும் டிக்கட்டையும் பல கம்பெனிகள் ரத்துச் செய்துவிடுகின்றன. முன்கூட்டிச் சொல்லி, வைத்தியச் சான்றிதழையும் காட்டினால், தேதியை மாற்றித் தருவதில் சலுகை காட்டும் கம்பெனிகள் உண்டு. ஒன்றும் தர மாட்டோம் என்றாலும், டிக்கட்டோடு வசூலித்த அரசாங்க வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் கேட்டு வாங்கலாம். மிகக் குறைந்த விலை டிக்கட்டானாலும் இவற்றை இந்திய விமானக் கம்பெனிகள் திருப்பித் தர வேண்டும் என்று 2016-ஆம் வருஷம் ஆகஸ்டு முதல் தேதி அமலுக்கு வந்த விதி கூறுகிறது. இதை அறியாமல் நம்மில் பலர் அந்தப் பணத்தை விட்டுவிடுகிறோம்.

மூன்றாவது, இன்ஷ்யூரன்ஸ். வெளிநாட்டுப் பிரயாணத்துக்கு டிக்கட் வாங்கும்போதே, நோயினால் பிரயாணம் ரத்தானால் நஷ்டத்தைத் தரும் ஏற்பாடு அதில் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ஜுரம் வந்த பிறகு வாங்குவது, வீடு பற்றிக்கொண்ட பிறகு கிணறு வெட்டுவதற்குச் சமானம்.

நாலாவது, போகலாம் என்று வைத்தியர் சொன்னாலும் சில ஜாக்கிரதைகள் வேண்டும். மருந்துகளைப் பெட்டியில் போடாமல் கைப்பையில், அதனதன் உறையோடும் மருந்துச் சீட்டோடும் வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே சாதாரணமாகக் கிடைக்கும் சில இருமல், வலி மருந்துகளுக்கு வளைகுடா நாடுகளில் கடுமையான கட்டுப்பாடு உண்டு. கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். விமானத்துக்குள் காற்று மிகவும் உலர்ந்திருக்குமாதலால் அடிக்கடி தண்ணீர் அருந்த வேண்டும். இருமல் உள்ளவர் முகமூடி அணிய வேண்டும். இறங்கும்போது தூங்காமல் விழித்திருந்து எச்சிலை விழுங்க வேண்டும். குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டும். நீண்ட பிரயாணத்தில் இரண்டு மணிக்கு ஒரு தரமாவது எழுந்து நடக்க வேண்டும். புறப்படுவதற்கு முன்பே ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், அது கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்ததன் அடையாளமாயிருக்கலாம். வைத்தியர் பார்க்காமல் ஏறக் கூடாது.

ஐந்தாவது, விமான நிலையத்தில் உடம்பு மோசமானால் வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும். அங்கே வைத்திய உதவி உண்டு. மேலே போன பிறகு அப்படியன்று; பஸ்ஸைப் போல் வழியில் நிறுத்தி இறக்கிவிட முடியாது.

போயே தீர வேண்டிய பிரயாணம்

இத்தனையும் கேட்டுவிட்டு ஓர் அம்மாள் நம்மைப் பார்த்துக் கேட்கலாம்: "எல்லாம் சரி, என் பெண்ணுக்கு இந்த வாரம் பிரசவம். நான் போகாவிட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?" நமது வீட்டுத் தாய்மார்கள் இப்படிப்பட்ட சமயத்தில் ஜுரத்தை வெளியே சொல்லவே மாட்டார்கள். சொன்னால் பிரயாணம் நின்றுவிடுமே என்று முந்தானையால் இருமலை மறைத்துக்கொள்வார்கள். இந்தத் தியாகத்துக்கு நாம் தலை வணங்குகிறோம். ஆனால் அந்த ஜுரம் எங்கே போகிறது என்பதை யோசிக்க வேண்டும். இருபது மணி நேரத்துக்கு மேல் பிரயாணம் செய்து, அது பிறந்து இரண்டு நாளான பேரக் குழந்தையின் தொட்டிலுக்கல்லவா போய்ச் சேருகிறது? பெரியவர்களுக்கு வெறும் இருமலாக இருப்பது, பச்சைக் குழந்தைக்குப் பிராணாபத்தாக முடியக் கூடும். ஒரு வாரம் தாமதமாகப் போகும் பாட்டி, குழந்தைக்குச் செய்யும் முதல் உபகாரம் அந்தத் தாமதந்தான்.

கடைசிப் படுக்கையில் இருக்கும் தகப்பனாரைப் பார்க்கப் போகிறவர் விஷயம் இன்னும் கஷ்டமானது. வைத்தியர் தொற்று நோயல்ல என்று சொல்லி, தேகமும் தாங்குமானால் போகட்டும். அதற்காகக் கம்பெனியிடம் முன்கூட்டிச் சொல்லித் தக்க உதவி பெறலாம். தொற்று நோயானால், டெலிபோனில் முகம் பார்த்துப் பேசுவதோடு மனசைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான். வேலைக்குத் திரும்ப வேண்டியவரோ, சான்றிதழை அன்றைக்கே முதலாளிக்கு அனுப்பிவிட வேண்டும். பிறகு சொல்லும் காரணத்தைவிட முன்பே சொல்லும் காரணத்துக்கு மதிப்பு அதிகம்.

பிரயாணத்தை விட்டுக்கொடுப்பதில் உள்ள ஏமாற்றம் சிறியதென்று நாம் சொல்லவில்லை. 1970-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் கென் மாட்டிங்லி என்பவர் அப்பல்லோ-13-இல் சந்திரனுக்குப் புறப்படத் தயாராயிருந்தார். மாற்று அணியைச் சேர்ந்த சார்லஸ் டியூக் என்பவருக்கு ஜெர்மன் தட்டம்மை கண்டது. மாட்டிங்லிக்கு அந்நோய் அதற்கு முன் வந்ததில்லையாதலால், வழியில் வரக் கூடும் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். புறப்படுவதற்கு மூன்று நாள் முன்னால் அவரை நிறுத்திவிட்டு வேறொருவரை ஏற்றிவிட்டார்கள். அவருக்கு அம்மை கடைசி வரையில் வரவேயில்லை! அவர் மனசு எப்படி இருந்திருக்கும்?

ஆனால், வழியில் பிராண வாயுத் தொட்டி வெடித்து அந்த விண்கலம் தத்தளித்தபோது, கீழேயிருந்து இரவு பகலாக உழைத்து, மூவரையும் உயிரோடு கொண்டுவர உதவியவர்களில் மாட்டிங்லியும் ஒருவர். இரண்டு வருஷம் கழித்து, 1972-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம், அவர் அப்பல்லோ-16-இல் சந்திரனை நோக்கிப் புறப்பட்டார். உடன் சென்றவர்களில் ஒருவர் அதே சார்லஸ் டியூக்!

சந்திரனே இரண்டு வருஷம் காத்திருந்ததென்றால், சிங்கப்பூரும் துபாயும் நமக்காக ஒரு வாரம் காத்திருக்க மாட்டாவா?